ஏழாம் எண் ஆட்டக்காரரின் அம்மா

ராசிபுரத்தில் மாலை ஏழு மணிக்குத் தெருவில் இறங்கி நடந்தால், வசந்தாமணி எல்லார் வீட்டுக்குள்ளும் இருப்பாள். அதே நேரம் தெருவிலும் இருப்பாள். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. அலவாய் டிவியின் உள்ளூர்ச் செய்தியை ஐந்து மணிக்கே படம் பிடித்து வைத்துவிடுவார்கள். ஏழு மணிக்கு அது கேபிளில் ஓடும்போது, வாசித்தவள் காய்கறிப் பையோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பாள். முதல் வீட்டில் அவள் குரல் 'நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில்' என்று தொடங்கும். அந்த வீட்டைத் தாண்டிவிட்டால் மீதியை அடுத்த வீட்டில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுவாய் ஒரு வீட்டில், பயனிலை இன்னொரு வீட்டில் என்று இருபது வருஷத்துக்கு மேலாக அப்படியே நடந்து வருகிறாள்.

அந்த நடையில் அவளுக்கு ஒரு மயக்கம் வரும். தெருவிளக்கின் செம்மண் நிற வெளிச்சத்தில், வீடுகளுக்குள் இருப்பவள் வேறொரு வசந்தாமணி என்று தோன்றும். அவளுக்கு எல்லாம் தெரியும். எந்த ஏரி நிரம்பியது, நாளைக்கு எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, முட்டை என்ன விலை, எதைக் கேட்டாலும் சொல்வாள். தெருவில் நடக்கிறவளுக்கோ வீட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே ஞாபகம் வராது. ஒருமுறை பள்ளிக்கூட வேன் ஒன்று கவிழ்ந்த செய்தியைக் குரல் நடுங்காமல் வாசித்து முடித்துவிட்டு வந்தாள். அதே செய்தி யாரோ வீட்டு ஜன்னல் வழியாக வந்தபோதுதான் நடுத்தெருவில் நின்று அழுதாள். அந்த வீட்டுக்காரம்மாள் பதறிப்போய் வெளியே வந்து தண்ணீர் கொடுத்தாள். கொடுத்தவள் டிவியையும் இவளையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள், பாவம்.

வசந்தாமணி பிறந்தது வையப்பமலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில். பன்னிரண்டாவது முடித்த கையோடு ராசிபுரத்து ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட வந்தாள். ஆடித் தள்ளுபடி சமயம் பார்த்து மைக்கில் கூவுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, முதலாளி இவளைப் பார்த்துக் கையைக் காட்டினார். இவளுக்குக் கூவத் தெரியவில்லை. அடுத்த வீட்டு அக்காவிடம் சேதி சொல்வதுபோல, இன்ன புடவை இன்ன மாடியில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொன்னாள். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த கலைமணி, டம்ளரோடு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். அப்போதுதான் கேபிள் நடத்தத் தொடங்கியிருந்தவர் அவர். இதே மாதிரி செய்தி வாசிப்பீர்களா அம்மிணி என்று கேட்டார். இவள் கேட்ட ஒரே கேள்வி, மூஞ்சி தெரியுமா என்பதுதான். தெரியாமல் என்ன டிவி என்றார் கலைமணி.

நிலையம் என்பது ஓர் உரக்கடையின் மாடி. பின்னால் ஒரு நீலத்துணி, முன்னால் ஒரு மேசை, படி முழுக்க யூரியா வாடை. சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். மேலே பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் இருக்கும். மேசைக்குக் கீழே ரப்பர் செருப்பு, பக்கத்தில் வியர்வை துடைக்க ஒரு துண்டு.

முதல் வாரமே வந்தது வினை. 'மல்லசமுத்திரத்தில் ஓட்டு ஊடு தீப்பிடித்து எரிந்தது' என்று வாசித்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஊடுதான். வீடு என்று யார் சொல்கிறார்கள்? ஆனால் டிவியில் அப்படிச் சொல்லலாமா, 'வ' போட்டுப் பேசுங்கள் என்றார் கலைமணி. சொன்னால் சொன்னபடி செய்கிற பெண் ஆயிற்றே, போட ஆரம்பித்தாள். ஊடு ஒழுங்காக வீடாயிற்று. அதோடு விட்டாளா? ஊர் வூராயிற்று, உப்பு வுப்பாயிற்று, ஊராட்சி ஒன்றியமே வூராட்சி ஒன்றியம் ஆகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துக் கிரிக்கெட் வேறு வந்து தொலைத்தது. தினம் தினம் விளையாட்டுச் செய்தியில் 'வுலகக் கோப்பை' என்று ராசிபுரம் தாலுகா முழுக்க வாசித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளைக் கண்டால் 'வுலகக் கோப்பை அக்கா' என்று ராகம் போட்டார்கள். அவள் ஒரு நோட்டை எடுத்து, பழைய பேப்பர்களிலிருந்து 'வ' உள்ள சொற்களை ஒரு பக்கமும் இல்லாதவற்றை மறுபக்கமும் எழுதினாள். ஆறு மாதத்தில் நாக்கு வழிக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் உச்சரிப்பில் குறை சொன்னவர் எவரும் இல்லை.

கல்யாணம் ஆனது சந்திரசேகரோடு. அவர் லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், இந்தூர் என்று போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகும். பெண்டாட்டியை வீட்டில் பார்த்ததைவிடப் போனில் செய்தி வாசிக்கப் பார்த்ததுதான் அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வடநாட்டு ரோட்டோரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ராசிபுரத்தில் நாளைக்குத் தண்ணீர் வராது என்று கேட்டால் அவருக்கு ஒரு நிம்மதி.

பையன் கவின் பிறந்து எட்டு மாதம் இருக்கும்போது அவள் வாழ்க்கையில் கபடி வந்தது. ஒரு கோயில் நோன்பித் திருவிழாவுக்கு நடந்த போட்டியை அலவாய் டிவி நேரலையாகக் காட்டியது. வர்ணனை செய்ய வேண்டியவர் வரவில்லை. செய்திக்காக ஓரமாக நின்றிருந்த இவள் கையில் கலைமணி மைக்கைத் திணித்துவிட்டார். பொம்பிளைக்குக் கபடியில் என்ன தெரியும் என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். கபடி என்ன, அவர்கள் பேருக்குப் பட்டா போட்ட காடா?

அவள் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டு வர்ணித்தாள். எதிரணிக் களத்துக்குள் போகிறவன் திரும்பி வருகிறவரை 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் பாட்டு. மூச்சு விட்டாலும் போச்சு, வேறு ஒரு சொல் வாயில் வந்தாலும் போச்சு. மூச்சுப் பிடித்துச் செய்தி வாசித்துப் பழகியவளுக்கு அந்தப் பாட்டில் எங்கே தளர்வு வருகிறது என்று மற்றவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். 'இவர் இன்னும் நாலே நாலு கபடிதான் தாங்குவார்' என்பாள். நாலாவது கபடியில் ஆள் பிடிபடுவான். கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும்.

ஆட்டக்காரர்களுக்கு அவள் பெயர் வைத்தாள். களத்துக்குள் நுழைந்ததும் எதிராளிகளுக்குக் கண் இருட்டிப்போகிற ஒருவனுக்கு 'மின்வெட்டு'. குள்ளமாக இருந்துகொண்டு எகிறி எகிறிக் குதிக்கிறவனுக்குப் 'பொரிகடலை'. யாரையும் சும்மா தாண்டவிடாத மூலைக்காரனுக்குச் 'சுங்கச்சாவடி'. அந்தப் பையனுக்குக் கல்யாணப் பத்திரிகையில்கூடச் சுங்கச்சாவடி என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் கபடி ஆடுகிற ஒவ்வொரு பையனுக்கும், வசந்தாமணி வாயால் ஒரு பெயர் வாங்கிவிட வேண்டும் என்பது கனவு.

ஒருவனுக்கு மட்டும் அவள் பெயர் வைக்கவில்லை. கவின் வளர்ந்து, பதினேழு வயதில் ராசிபுரம் அணிக்கு ஆட வந்தான். நெட்டை உடம்பு, நீளக் கை, சட்டையில் ஏழாம் எண். அவன் போனால் 'ஏழாம் எண் ஆட்டக்காரர் செல்கிறார்', வந்தால் 'ஏழாம் எண் ஆட்டக்காரர் திரும்பிவிட்டார்'. அவ்வளவுதான். ஐந்து பேரை ஒரே பாட்டில் தொட்டுவிட்டு வந்த அன்றும் அதேதான். வீட்டுக்கு வந்து அவன் கேட்டான்.

"ஊரான் புள்ளைக்கெல்லாம் பேர் வெக்கறீங்க. எனக்குப் பேர் வெச்சதே நீங்கதானுங்களேம்மா. அதையாச்சும் சொல்லப்படாதுங்களா?"

பெற்றவள் மகனைத் தூக்கிவைத்துப் பேசுகிறாள் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால், நாளைக்கு அவள் வாசிக்கிற சாவுச் செய்தியைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். மைக்குக்கு முன்னால் தனக்கு யாருமே இல்லை என்றாள். அது உண்மை என்றுதான் நம்பினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அயோத்தியாப்பட்டணத்தில் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. அரையிறுதி ஆட்டம். கடைசிப் பாட்டில் கவின் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் தாவி வந்தான். நடுவர் புள்ளி கொடுத்துவிட்டார், ராசிபுரம் பையன்கள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். வசந்தாமணி மட்டும் ஒன்றைப் பார்த்திருந்தாள். தாவுவதற்கு முன் அவன் குதிகால் ஓரக்கோட்டுக்கு வெளியே பட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. 'ஏழாம் எண் ஆட்டக்காரரின் குதிகால் கோட்டுக்கு வெளியே சென்றது' என்று நாலு ஒலிபெருக்கியிலும் கேட்கும்படி சொன்னாள். நடுவர் காமிராவில் ஓட்டிப் பார்த்தார். தீர்ப்பு மாறியது, ராசிபுரம் தோற்றது. மகனைத் தோளிலிருந்து இறக்கினார்கள்.

அன்றோடு கவின் பேச்சை நிறுத்தினான். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாலாவது கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் செய்யலாம். அவன் மூன்று வேளையும் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், எது கேட்டாலும் தலையை ஆட்டினான். அப்பா போன் செய்தால் கலகலவென்று பேசுவான். பேசி முடித்ததும் போனை அவள் பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு ஒரு சொல் வேலை வைக்கக்கூடாது என்று அவளும் கேள்வியைக் குறைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் பேசுகிறவள் வீட்டில் சாமான் சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தாள். கனவில் அவன் வருவான். வாய் அசையும், கை அசையும், சிரிப்பான். சத்தம் மட்டும் வராது. கனவிலேயே அவள் எழுந்து சத்தத்தைக் கூட்டும் பொத்தானைத் தேடுவாள். சுவரெல்லாம் தடவுவாள். விடிந்துவிடும்.

சென்ற மார்கழியில் சென்னையில் ஒரு கம்பெனி அணிக்கு அவனை எடுத்துக்கொண்டார்கள். பொங்கல் முடிந்ததும் புறப்பட வேண்டும். அதற்கு முன்னால் ராசிபுரம் அணிக்கு அவன் ஆடும் கடைசி ஆட்டம், தம்மம்பட்டியில் கெங்கவல்லி அணியோடு இறுதிப் போட்டி. வசந்தாமணி நாள் எண்ணினாள். இப்படியே பேசாமல் பஸ் ஏறிவிட்டான் என்றால், அப்புறம் இந்த மௌனம் கல்லாக இறுகிவிடும். நாலு வருஷம் கழித்து அவன் வந்தாலும் விருந்தாளியாகத்தான் வருவான். அவன் போவதற்குள் ஒரே ஒருமுறை அம்மா என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

நாக்பூரிலிருந்து சந்திரசேகர் போனில் ஒரு யோசனை சொன்னார். அவனுக்கும் ஒரு பேரை வைத்துவிடேன், என்ன குறைந்துவிடப் போகிறது என்றார். அவளால் முடியவில்லை. அன்றைக்கு மைக் பிடிக்காமல் இருந்துவிடலாமா என்று கலைமணியிடம் கேட்டுப் பார்த்தாள். கலைமணிக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் சொன்னார்.

"நீங்க வரலீன்னா ஆட்டம் நடக்குமுங் அம்மிணி. ஆனா அந்தப் பையன் மைக் இருக்கற பக்கம் ஒருக்கா திரும்பிப் பார்ப்பானுங்க. அப்ப அங்க நீங்க இருக்கோணுமுங்க."

போனாள்.

காணும் பொங்கல் அன்று மதியம் மூன்று மணி. தம்மம்பட்டியில் ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை. இரண்டும் அன்றைக்கு மலைபோலவே இல்லை. தைமாதத்துப் புகைமூட்டத்தில் யாரோ நீலத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தன. மைதானத்தில் எழும்பிய புழுதியில் வெயில் சாய்ந்து விழுந்து, ஆட்டக்காரர்கள் எல்லாரும் தங்க நிறமாகத் தெரிந்தார்கள். கரும்பைக் கடித்துக்கொண்டு சனம் மரத்தின்மேலும் வண்டிகளின்மேலும் உட்கார்ந்திருந்தது. வசந்தாமணிக்கு எல்லாமே எங்கோ தூரத்தில் நடப்பதாகப் பட்டது. பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்று கலைமணி நடுக்கோட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மைக்கையும் நட்டு வைத்திருந்தார். அவள் காதில் மாட்டியிருந்த கருவியில், ஒவ்வொருவனின் மூச்சும் கன்னத்தில் படுகிறாற்போல வந்தது.

கவின் உள்ளே வந்ததும் மைக் இருந்த மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவள் எழுந்து நின்றே வர்ணித்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

ஆட்டம் இழுபறி. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. இன்னும் அரை நிமிடம்தான் இருந்தது. கடைசிப் பாட்டுக்குக் கவின் போனான். தொட்டுவிட்டுத் திரும்பினால் கோப்பை ராசிபுரத்துக்கு, பிடிபட்டால் கெங்கவல்லிக்கு. 'ஏழாம் எண் ஆட்டக்காரர் செல்கிறார்' என்றாள். அவன் இடது மூலைக்காரனைத் தொட்டான். தொட்டு, உடம்பைத் திருப்பும்போது ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். இன்னொருவன் இடுப்பில் விழுந்தான். அப்புறம் மூன்று பேர். ஐந்து பேரின் கனத்தையும் இழுத்துக்கொண்டு கவின் வயிற்றால் ஊர்ந்தான். ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. விரலுக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பாட்டு விடவில்லை. தேனீ முரல்வது மாதிரி, கபடி கபடி கபடி என்று அவள் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு நேரம் நின்றுவிட்டது. சனத்தின் இரைச்சல் கேட்கவில்லை. மலை தெரியவில்லை. புழுதிக்குள் ஒரு கை, ஒரு மூச்சு. அந்த மூச்சு எங்கே தளரும் என்று இருபது வருஷப் பழக்கத்தில் எண்ண முயன்றாள். எண்ண வரவில்லை. அப்போது மைதானத்தின் நாலு மூலையிலிருந்தும் ஒரு பொம்பிளைக் குரல் கேட்டது. செய்திக் குரல் இல்லை, வர்ணனைக் குரலும் இல்லை. காட்டுக்குப் போன பிள்ளையைப் பொழுது சாய்ந்ததும் கூப்பிடுகிற குரல்.

"வந்துரு சாமி. வந்துரு."

யார் அப்படிக் கூப்பிடுகிறது என்று வசந்தாமணி ஒரு கணம் தேடினாள். பிறகுதான் தன் உதடு மைக்கில் உரசிக்கொண்டிருப்பது தெரிந்தது.

புழுதிக்கு அடியிலிருந்து, ஐந்து பேரின் கனத்துக்கு அடியிலிருந்து, பதில் வந்தது.

"வாரேம்மா."

எங்கள் ஊர்ப் பிள்ளை எதுவானாலும் அதைத்தான் சொல்லியிருக்கும். அம்மா கூப்பிட்டால், மரத்தின் உச்சியில் இருந்தாலும் கிணற்றின் அடியில் இருந்தாலும் வாரேம்மா என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. யோசித்துச் சொல்கிற சொல்லா அது? கவினும் யோசிக்கவில்லை. சொல்லிவிட்டு, கையை இன்னும் ஒரு சாண் நீட்டி, கோட்டைத் தொட்டும்விட்டான்.

அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார். பாட்டு நின்றுவிட்டது.

மைதானம் ஒன்றும் புரியாமல் அப்படியே நின்றது. கோட்டைத் தொட்டவன் எப்படி அவுட் ஆனான் என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டு, கடைசியில் எல்லாரும் மேசைப் பக்கம் பார்த்தார்கள். சொல்ல வேண்டியவள் அவள்தானே. வசந்தாமணியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மைக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் இடத்தில் வைத்துச் சொன்னாள். எல்லைக்குள் வரும் முன்பாகவே கவின் பாட்டை நிறுத்திவிட்டார், ஆகவே கவின் ஆட்டமிழந்தார், கெங்கவல்லி அணி வெற்றி பெற்றது. இரண்டு முறை அவன் பெயரைச் சொன்னாள். சொன்னது அவளுக்கே தெரியாது. அப்புறம் கலைமணி சொல்லித்தான் தெரியும். மைக்கில் மகனைக் கூப்பிட்டது முறையா என்று கெங்கவல்லிக்காரர்கள் சண்டைக்கு வந்திருக்கலாம். ஜெயித்துவிட்டு எவன் சண்டை போடுவான்? அவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ராசிபுரம் அணித் தலைவன் சித்தார்த் ஓடிவந்து கவினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். ஒரு சாண்தானேடா இருந்தது, வாயை எதற்கடா திறந்தாய் என்று அழாத குறையாகக் கேட்டான். கவின் முழங்கையில் தோல் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. முகமெல்லாம் மண். அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"எங்கம்மா கூப்புடறாங்க. பேசாம எப்படீடா இருக்கறது?"

நடுக்கோட்டு மைக்கை அணைக்கக் கலைமணி மறந்துபோயிருந்தார். அதுவும் நேரலையில் போயிற்று.